சிக்னலில் மட்டும் சூடேறும் பழைய மாருதி 800

உங்கள் மாருதி 800 சூடேறுவதால் தெர்மோஸ்டாட்டை (இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்ற வேண்டாம், முதலில் ரேடியேட்டர் ஃபேனைப் பாருங்கள். பைபாஸில் டெம்பரேச்சர் மீட்டர் ஊசி நடுவில் நிற்கிறது, சிக்னலில் நின்றால்தான் சிவப்புக்கு ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். அது சுற்றவில்லை என்பதே என் சந்தேகம்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல் ஐடிலிங்கில் விடுங்கள். ஊசி பாதியைத் தாண்டியும் ஃபேன் சுற்றவில்லையா? உடனே இன்ஜினை அணையுங்கள்.

1. முதலில் ஃபேனுக்கான ஃபியூஸ். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் புதிதாக ஒன்று போட்டுப் பாருங்கள்.
2. ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரில் நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். பிளஸ் ஒயரில் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு தெர்மோ ஸ்விட்சிலோ (சூடு ஏறியதும் ஃபேனை ஓட வைக்கும் ஸ்விட்ச்) ஒயரிங்கிலோ இருக்கும். சுற்றாவிட்டால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் மாற்றித் தருவார்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடித்துவிடும். கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும்.

ஃபேன் சரியாகச் சுற்றியும் சூடேறினால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம். கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விக்கும் திரவம்) காரணமில்லாமல் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகையும் தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதாகியிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்லுங்கள்.