எண்ணம் இருக்கிறது, கை ஓடவில்லை
வாசகர் கேள்வி – பதில்

நினைத்த வேலையைத் தொடங்குவது, நேரத்தைக் கணிப்பது, நடுவில் விட்டதை மறுபடி பிடித்துக்கொள்வது, செய்ய வேண்டாததைத் தள்ளிவைப்பது ஆகியவற்றை உளவியலில் 'எக்சிக்யூட்டிவ் ஃபங்ஷன்' என்பார்கள். இங்கே செயலாட்சித் திறன் என்று சொல்கிறோம். இது பற்றி வந்த கடிதங்களில் சில.

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பு. கேட்டால் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறான். ஆனால் ஏழு மணிக்குப் படிக்க உட்கார்ந்தால் புத்தகத்தைத் திறக்க ஒன்பதாகிறது. ரெக்கார்டு நோட்டை ராத்திரி முழுக்க எழுதிவிட்டு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறான். "புத்தி இருக்கு, அக்கறை இல்ல" என்கிறார் வகுப்பாசிரியர். திட்டித் திட்டி எனக்கே சலித்துவிட்டது. (வாசகி, மேலூர்)

அக்கறை இல்லாத பிள்ளை ரெக்கார்டை எழுதியே முடித்திருக்காது அம்மா. எழுதுவது ஒரு வேலை. எழுதியதைப் பைக்குள் வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யச் சொல்லி உள்ளிருந்து நினைவூட்ட வேண்டியது மூளையின் முன்நெற்றிப் பகுதி. அது முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். பதினாறு வயதில் அந்த நினைவூட்டல் வெளியிலிருந்து வரவேண்டியிருப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அது உங்கள் குரலாக மட்டும் இருக்கக்கூடாது. குரலுக்குப் பழகிய காது அதைக் கேட்பதில்லை.

முதலில் அந்த இரண்டு மணி நேரம். 'பிசிக்ஸ் படி' என்பது தொடங்கக்கூடிய வேலையே இல்லை. எங்கே கை வைப்பது என்று அதில் தெரியாது. 'பிசிக்ஸ் நோட்டில் தேதி போட்டு, இரண்டாம் பாடத்தின் மூன்றாவது பயிற்சிக் கணக்கை எழுது' என்பது தொடங்கக்கூடியது. முதல் படி இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும், கையால் செய்வதாக இருக்க வேண்டும். பிறகு அதை ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போடுங்கள்: "சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து நோட்டில் தேதி போடுவேன்." இப்படி 'இது நடந்ததும் அதைச் செய்வேன்' என்று எழுதி வைப்பவர்கள் சொன்னதைச் செய்வது கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் தொகுத்துக் காட்டினார். 'ஏழு மணிக்கு' என்று கடிகாரத்தோடு கட்டாதீர்கள். ஏழு நழுவினால் ஏழரை, அதுவும் நழுவினால் எட்டு. தட்டு கழுவுவது தினமும் கட்டாயம் நடக்கும். மேசையில் அன்றைக்குத் தேவையான ஒரு புத்தகம், ஒரு நோட்டு, ஒரு பேனா மட்டும். போன் வேறு அறையில் சார்ஜில்.

அந்த வாக்கியத்தை அவனே எழுத வேண்டும். அம்மா எழுதிக் கொடுத்தால் அது அம்மாவின் திட்டம். மூன்றாம் நாள் கிழிந்துவிடும்.

ரெக்கார்டு விஷயத்தில் 'முடிந்தது' என்ற சொல்லின் பொருளை மாற்றுங்கள். கடைசி வரி எழுதினால் முடிந்ததாகாது; பைக்குள் போனால்தான் முடிந்தது. அதோடு வாசற்கதவில், அவன் கண்மட்டத்தில், ஒரு அஞ்சலட்டை: ரெக்கார்டு, டிபன், பஸ் பாஸ், ஐடி கார்டு. நான்குக்கு மேல் வேண்டாம். "ரெக்கார்டை எடுத்தியா?" என்று கேட்காமல் "அட்டையில என்ன மிச்சம்?" என்று கேளுங்கள். முதல் கேள்வியில் நினைவு வைத்துக்கொள்பவர் நீங்கள், இரண்டாவதில் அவன். இரண்டு வாரம் போனதும் வாயால் கேட்காமல் அட்டையைக் கைகாட்டுங்கள். அடுத்த இரண்டு வாரம் சும்மா நில்லுங்கள். அதன்பின் அந்த நேரத்தில் அடுப்படியிலேயே இருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. பல வீடுகளில் அட்டை ஒட்டப்படுகிறது, விலகல் நடப்பதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் அட்டை சுவரோடு சுவராகிக் கண்ணில் படாமல் போகும். பிள்ளை பழையபடி ஆகிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அட்டையின் நிறத்தை மாற்றுங்கள், அல்லது தாழ்ப்பாளிலேயே தொங்கவிடுங்கள். படிப்பு, பை, தூக்கம், போன் என்று எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்றவும் வேண்டாம். ஒன்று ஊன்றிய பிறகு அடுத்தது.

கேள்வி: மளிகை மொத்த வியாபாரம். கணக்கெழுத உட்கார்ந்தால் லோடு வண்டி வரும், போன் வரும். திரும்பி வந்தால் எங்கே விட்டேன் என்று தெரியாது. ஜி.எஸ்.டி. கடைசி நாள் ராத்திரிதான் ஞாபகம் வருகிறது. வயதாகிவிட்டதா? (வாசகர், கீழமாசி வீதி)

வயதைக் குறை சொல்ல வேண்டாம் அண்ணாச்சி. எந்த வயதிலும் மனம் ஒரே நேரத்தில் கைப்பிடியில் வைத்திருப்பது ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் கணித்தார். மூட்டை எண்ணிக்கை, லாரிக்காரரின் வாடகை, போனில் சொன்ன விலை உள்ளே வந்ததும், பில் வெளியே விழுந்துவிடும். விட்ட இடத்தைத் தாளில் இறக்கிவிட்டு எழுந்திருங்கள். பத்து விநாடி போதும். எதுவரை முடிந்தது, அடுத்து எது, எதில் சந்தேகம் என்று மூன்று வரி:

'பில் 214 வரை ஏத்தியாச்சு. அடுத்து 215. துவரம்பருப்பு ரேட் ரெண்டு இடத்துல வேற வேற, ஏஜெண்டைக் கேக்கணும்.'

மூன்றாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். திரும்பி வந்ததும் கால் மணி நேரத்தைத் தின்பது அந்தச் சந்தேகத்தை மறுபடி கண்டுபிடிப்பதுதான். உதிரித் தாளில் எழுதினால் மின்விசிறியில் பறக்கும்; பில்லின் முதுகில் எழுதினால் சரக்கோடு போய்விடும். கல்லாப் பெட்டியில் நூல் கட்டிய ஒரே ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 பதினொன்றாம் தேதி, வரி கட்டும் 3பி படிவம் இருபதாம் தேதி. தவறினால் 3பி-க்கு வரி இருக்கும் மாதத்தில் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு வட்டி தனி. ஆனால் 11, 20 என்பவை கெடு நாட்கள். வேலை நாட்கள் அதற்கு முன்னால் இருக்கின்றன. மாதம் பிறந்ததும் கடையில் தொங்கும் தினசரி காலண்டரைத் தூக்கி, 5-ஆம் தேதித் தாளில் 'கொள்முதல் பில் எல்லாம் ஒரு கட்டு', 8-இல் 'விற்பனை விவரம் ஆடிட்டருக்கு', 16-இல் '3பி தொகை சரிபார்ப்பு, பேங்கில் பணம்' என்று எழுதிவிடுங்கள். காலையில் கடை திறந்து தாளைக் கிழிக்கும் கையிலேயே வேலை வந்து விழும். போனில் அலாரம் வைப்பதென்றால் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். கூட்ட நேரத்தில் அடிக்கும் அலாரத்தை விரல் தானாகவே தள்ளிவிடும். கடையில் ஆள் குறையும் மதிய நேரத்துக்கு வையுங்கள்.

கேள்வி: மூளைப் பயிற்சி விளையாட்டு ஆப்புக்குப் பணம் கட்டலாமா? (வாசகர், திருமங்கலம்)

வேண்டாம். 11,430 பேரை ஆறு வாரம் விளையாட வைத்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. விளையாடிய விளையாட்டில் தேறினார்கள். பழகாத வேலைகளுக்கு அந்தத் தேர்ச்சி கடக்கவில்லை. அந்தப் பணத்தில் முள் வைத்த சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி, படிக்கும் இடத்துக்கு எதிரே மாட்டுங்கள். நேரம் போவது கண்ணுக்குத் தெரிவதே பாதி உதவி.

கேள்வி: ஐ.டி. வேலை. 'ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன்' என்று சொல்லி ஒவ்வொரு முறையும் நான்கு நாள் ஆகிறது. பொய் சொல்கிறேன் என்று மேனேஜர் நினைக்கிறார். (வாசகி, இலந்தைக்குளம்)

பொய் இல்லை. இதற்கு 'திட்டப் பிழை' என்று 1979-இல் பெயர் வைத்தவர்கள் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும். 1994-இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கோணலாகப் போனால்? 48.6 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கும் போதவில்லை.

ஆகவே 'எவ்வளவு ஆகும்' என்று மனதைக் கேட்காதீர்கள். 'போன தடவை எவ்வளவு ஆச்சு' என்று நோட்டைக் கேளுங்கள். அடுத்த பத்து வேலைகளுக்கு, தொடங்கும்முன் சொன்ன மணி, உண்மையில் ஆன மணி இரண்டையும் எழுதுங்கள். ஆன மணியின் மொத்தத்தைச் சொன்ன மணியின் மொத்தத்தால் வகுத்தால் உங்கள் எண் கிடைக்கும். சொன்னது 40 மணி, ஆனது 70 என்றால் 1.75. இனி மனம் சொல்வதை அந்த எண்ணால் பெருக்கிவிட்டு வாய் திறங்கள். நாட்களைக் கூட்டுவது பெரும்பாலும் வேலையே இல்லை. ரிவ்யூவுக்குக் காத்திருப்பது, டெஸ்டிங்கில் திரும்பி வருவது, நடுவில் வரும் மீட்டிங். இவற்றைத் தனி வரிகளாக எழுதினால்தான் கணக்கில் ஏறும். மேனேஜரிடம் ஒரு தேதிக்குப் பதில் இரண்டு சொல்லுங்கள்: "திங்கள் மதியம் முதல் வரைவைக் காட்டுகிறேன், வியாழன் மாலை முடிகிறது." திங்கட்கிழமையே தாமதம் தெரிந்துவிட்டால் பேசித் தீர்க்க மூன்று நாள் கையில் இருக்கும்.

கேள்வி: மகளுக்கு இதற்கென்று கோச் வைக்கலாமா? எதைக் கேட்டுச் சேர்ப்பது? (வாசகர், ஒத்தக்கடை)

வைக்கலாம். ஆனால் பார்த்து. மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு உண்டு. 'கோச்' என்று பலகை மாட்ட அப்படி எதுவும் தேவையில்லை. எனவே முதல் சந்திப்பே சோதனை. நல்ல பயிற்சியாளர் உரை நிகழ்த்த மாட்டார். போன வாரம் தவறிய ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, எப்போது நினைத்தாய், அப்போது எங்கே இருந்தாய், கையில் என்ன இருந்தது என்று துருவுவார். புத்தகப் பையைத் திறந்து காட்டச் சொல்வார். ராங்க் வாங்கித் தருகிறேன், ஞாபக சக்தி கூட்டுகிறேன் என்று தொடங்கினால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம், நடுவில் இரண்டு தடவை ஐந்து நிமிடப் போன், மொத்தம் ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் என்பது நியாயமான அளவு. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் வேண்டும்: உட்கார்ந்ததிலிருந்து புத்தகம் திறக்க எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை வீட்டுப்பாடம் தவறியது. ஆறாம் வாரம் அந்த எண் அசையாவிட்டால் உத்தியை மாற்ற வேண்டியவர் பயிற்சியாளர். பிள்ளையைக் குறை சொல்ல விடாதீர்கள். மூன்றாம் மாதமும் அவர் தினமும் மெசேஜ் போட்டால்தான் வேலை நடக்கிறது என்றால், உங்கள் குரல் இருந்த இடத்தில் அவர் குரல் வந்திருக்கிறது, அவ்வளவே.

செலவு கூடாதென்றால், கூட ஒருவர் தன் வேலையைச் செய்தபடி உட்கார்ந்திருப்பதே பலருக்குக் கை ஓட வைக்கும். மதுரை புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு தோழியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும். கிளம்பும்முன் 'இன்றைக்கு எது' என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அரட்டையாகிவிடும்.

கேள்வி: வயது 29. பள்ளியிலிருந்தே இப்படித்தான். இது ஏ.டி.எச்.டி.யா (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு)? (வாசகர், ஆரப்பாளையம்)

கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. மருத்துவர் பார்ப்பவை: அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்தனவா, வீடு வேலை என இரண்டு இடத்திலாவது தெரிகிறதா, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா. அண்மையில் தொடங்கியது என்றால் தூக்கக் குறைவு, மனச்சோர்வு, தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேசிவிட்டுப் போக விரும்பினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, கட்டணம் இல்லை. பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் உங்களைப் பார்த்த அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது. அண்மையில் தவறிய மூன்று வேலைகளை ஒரு தாளில் எழுதி, முந்தின நாள் ராத்திரியே சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் மறந்துபோவது அதுதான்.