ஜூன் 2, பகல் 12 மணிச் சங்கு

"வேலைக்காக பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நேற்று பகல் 12 மணிக்குத் திடீரென்று சைரன் அலறியது. தெருவில் போனவர்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். போர்தான் வந்துவிட்டதோ என்று ஒரு கட்டடத்துக்குள் ஓடிவிட்டேன். யாருக்காக இது?" என்று கேட்டிருந்தீர்கள்.

தம்பி, ஓடியதற்கு வெட்கப்படாதீர்கள். நான் செய்தது அதைவிட மோசம். வந்த வருடம், காய்கறிச் சந்தையில் சங்கு ஊதியபோது, ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தவன் அம்மாவுக்குக் கேட்கவில்லையே என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். தராசில் பாதி செர்ரியோடு நின்றுவிட்ட கடைக்காரப் பாட்டி என் கையைப் பிடித்து மெல்ல அழுத்தினார். சத்தம் அடங்கியதும் மீதியை நிறுத்துப் போட்டுவிட்டு, "போதெவ்" என்றார். அவ்வளவுதான்.

ஹ்ரிஸ்தோ போதெவ், கலோஃபெர் ஊர் வாத்தியார் மகன். 1848-இல் பிறந்தவர். கவிஞர், எழுதியது இருபது சொச்சம் கவிதைதான். படிக்க ஒடெஸ்ஸா போனார், பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஊர் திரும்பி ஒரு விழாவில், அப்போது பல்கேரியாவை ஆண்ட ஒட்டோமான் துருக்கியரின் ஆட்சியைத் தாக்கிப் பேசினார். அப்புறம் அங்கே இருக்க முடியாமல் ருமேனியா போனார். ஆமாம், அவரும் நம்மைப்போல வெளிநாட்டில் வாடகைக்கு அலைந்தவர்தான். வாடகைக்கும் வழியில்லாத ஒரு குளிர்காலத்தில் புக்கரெஸ்ட் பக்கம் பாழடைந்த காற்றாலையில், இன்னொரு விடுதலைப் போராளியான வசில் லெவ்ஸ்கியோடு தங்கினார். பசியிலும் குளிரிலும் லெவ்ஸ்கி பாடிக்கொண்டே இருப்பார் என்று போதெவ் கடிதத்தில் வியந்திருக்கிறார்.

1876 மே மாதம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அப்போது வெளிநாடு போய்த் தோட்ட வேலை செய்யும் பல்கேரியர்கள் ஏராளம். அதனால், ஒட்டோமான்களை எதிர்த்துப் போராடக் கிளம்பிய போதெவின் ஆட்கள் சுமார் 200 பேர் தோட்டக்காரர் வேடத்தில், டான்யூப் ஆற்றின் ருமேனியத் துறைகளில் கொஞ்சம் கொஞ்சமாக 'ரதெட்ஸ்கி' என்ற ஆஸ்திரியக் கப்பலில் ஏறினார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மரப்பெட்டிகளில் மண்வெட்டிக்குப் பதில் துப்பாக்கி. நடு ஆற்றில் கப்பலைப் பிடித்து, பல்கேரியக் கரையில் கொஸ்லொதுயில் இறங்கி மண்ணை முத்தமிட்டார்கள். ஆனால் பல்கேரியர்கள் ஒட்டோமான்களுக்கு எதிராக எழுந்த ஏப்ரல் கிளர்ச்சி அதற்குள் நசுக்கப்பட்டிருந்தது. எதிர்பார்த்த கூட்டம் சேரவில்லை. சில நாளில் வ்ராத்ஸா மலையில் குண்டு பாய்ந்து இறந்தார், 28 வயதில். பெண் குழந்தை பிறந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. சுட்டது எதிரியா, கூட இருந்தவர்களில் ஒருவரா என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். அந்தப் பேச்சை நீங்களாக அலுவலகத்தில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று: அவர் இறந்தது உண்மையில் ஜூன் 1. பழைய நாட்காட்டியில் மே 20. 1916-இல் நாட்காட்டி மாற்றியபோது 12 நாள் கூட்ட வேண்டிய இடத்தில் 13 கூட்டிவிட்டார்கள். 1873-இல் சோஃபியாவில் தூக்கிலிடப்பட்ட லெவ்ஸ்கிக்கும் இதே கதைதான்: பிப்ரவரி 18-க்குப் பதில் 19.

ஜூன் 2 விடுமுறை கிடையாது. அடுத்த வருடம் சங்கு ஊதினால் ஃபோனை எடுத்துப் படம் பிடிக்காமல் நின்றுவிடுங்கள், போதும். பிப்ரவரி 19 அன்று லெவ்ஸ்கி நினைவுத்தூணுக்கு அலுவலகத்து ஆட்கள் யாராவது கூப்பிட்டால் போய்ப் பாருங்கள். பூ வாங்கினால் இரட்டைப்படையில் வாங்குங்கள், இங்கே இறந்தவர்களுக்கு அதுதான் வழக்கம். பிறந்தநாள் கொண்டாடும் மேலாளருக்கு மறந்தும் அப்படிக் கொடுத்துவிடாதீர்கள்.