ராபிட்எம்கியூவில் குவியும் தற்காலிகக் கியூக்களை எப்படித் துப்புரவாக்குவது?

நிரல்களுக்கிடையே மெசேஜ் கடத்தும் ராபிட்எம்கியூவில், ஆட்டோ-டிலீட் (தானாக அழியும் அமைப்பு) போட்டும் ‘ஏஎம்கியூ.ஜென்’ என்று அதுவே பெயர் வைத்த கியூக்கள் (மெசேஜ் காத்திருக்கும் வரிசைகள்) அழியாமல் குவிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதில் மாட்டுப்பட்டவன்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடும் இரவு பஸ்களுக்கு சீட் பதியும் மென்பொருளில் வேலை செய்கிறேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்களுக்கு நித்திரை குறைவு. அப்படி ஒருநாள் விடிய அட்மின் பக்கத்தைத் திறந்தால், பக்கம் பக்கமாக அந்தப் பெயர்கள். எல்லாவற்றுக்கும் கன்சூமர், அதாவது மெசேஜ் வாங்கச் சேர்ந்திருக்கும் நிரல், 0. சிலவற்றில் மட்டும் ஒரேயொரு மெசேஜ் கிடந்தது. சீட் இருக்கா என்று கேட்டுவிட்டு, காத்திருந்து களைத்துப் போன யாருக்கோ வந்த பதில் அது.

ஆட்டோ-டிலீட் என்றால் தானாக அழியும் என்று நம்பிவிடுகிறோம். கடைசிக் கன்சூமர் விலகும்போதுதான் அது அழியும். ஒருவருமே சேராத கியூவிலிருந்து யார் விலகுவது? எங்கள் நிரல் சப்ஸ்கிரைப் பண்ணாமல் (கன்சூமராகச் சேராமல்), பேசிக்-கெட் (ஒவ்வொரு மெசேஜாகக் கேட்டு எடுக்கும் கட்டளை) மூலம் எட்டி எட்டிப் பார்த்துப் பதிலை எடுத்தது. அது கன்சூமர் கணக்கில் வராது. உங்கள் நிரலிலும் முதலில் இதைத் தேடுங்கள்.

கூட வேலை செய்யும் தம்பி, கன்சூமர் 0 என்றிருப்பதையெல்லாம் ஒரு ஸ்கிரிப்டால் அழிக்கப் போனார். மறித்துவிட்டேன். அந்த நிமிடம் பதிலுக்குக் காத்திருக்கும் கியூவுக்கும் கன்சூமர் 0தானே! அதையும் சேர்த்து அழித்தால் பயணியின் பதில் போய்விடும்.

அதனால் ‘எக்ஸ்பயர்ஸ்’ பாலிசியை (கியூ எவ்வளவு நேரம் சும்மா கிடக்கலாம் என்ற விதி) போட்டோம். மதிப்பு மில்லிசெக்கனில்: 1800000 என்றால் 30 நிமிடம். கன்சூமர் இல்லாமல், திரும்ப டிக்ளேர் செய்யாமல் (இந்தக் கியூ வேண்டும் என்று நிரல் மறுபடி அறிவிக்காமல்), பேசிக்-கெட்டும் வராமல் அவ்வளவு நேரம் கிடந்தால் புரோக்கரே (ராபிட்எம்கியூ சேர்வரே) அழித்துவிடும். ஏற்கெனவே குவிந்தவையும் இதில் அடங்கும். ஆனால் உள்ளே இருக்கும் மெசேஜும் சேர்ந்தே போகும், கவனம்.

எக்ஸ்க்ளூசிவ் கியூவுக்கு (உருவாக்கிய இணைப்புக்கு மட்டும் உரிய கியூ) மாற்றினால் போதும் என்பார்கள். கனெக்‌ஷன் மூடும்போதுதான் அது அழியும். ஒரே கனெக்‌ஷனை நாள் முழுக்கத் திறந்து வைத்து, கேள்விக்கு ஒரு கியூ செய்தால் அதுவும் குவியும்.

பதில் வாங்க மட்டும்தான் என்றால் டைரக்ட் ரிப்ளை-டு (பதிலைக் கேட்டவருக்கே நேராக அனுப்பும் ராபிட்எம்கியூ வசதி) பாருங்கள். அதற்குக் கியூவே உருவாக்கத் தேவையில்லை. கேள்வியை அனுப்ப முதல், அதே சானலில் (இணைப்புக்குள் ஓடும் தனிப் பாதை), நோ-ஆக் முறையில் (கிடைத்தது என்று திரும்ப அறிவிக்காமல்) கன்சியூம் பண்ணத் தொடங்கியிருக்க வேண்டும்.