கல்லீரலை மாற்றி வைக்கும் சர்ஜனுக்கு ஆராய்ச்சி எதற்கு?

ஜிப்மர் எதிரே டீ குடிக்கும்போது, கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்திருந்த என் மச்சானும் இதையேதான் கேட்டான்: வெட்டித் தைக்கிறவருக்கு எதற்கு ஆராய்ச்சி?

சரி, அமெரிக்க சர்ஜன் தாமஸ் ஸ்டார்ஸலை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 மார்ச்சில் டென்வரில் மனிதருக்கான முதல் கல்லீரல் மாற்று சிகிச்சையைச் செய்தார். மூன்று வயதுப் பையன், ரத்தப்போக்கு நிற்கவே இல்லை, மேசையிலேயே உயிர் போய்விட்டது. அடுத்தடுத்து செய்துகொண்டவர்களும் சில வாரங்களைத் தாண்டவில்லை. வேறொருவராக இருந்தால் ஆளை விட்டால் போதும் என்று ஓடியிருப்பார். இவர் சிகிச்சையை நிறுத்திவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனார், 1967இல் திரும்பி வந்தார், அப்போது அவர் கல்லீரல் மாற்றிய ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது.

தையலைக் கற்றுக்கொள்ளலாம். புது உறுப்பை அந்நியன் என்று உடம்பே தாக்குகிறதே, அதுதான் பெரிய தலைவலி. கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் என்ற சர்ஜன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த, அந்தத் தாக்குதலை அடக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தோடு ஸ்டீராய்டைச் சேர்த்து 1980 வாக்கில் ஸ்டார்ஸல் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. அப்புறம் 1989இல் டாக்ரோலிமஸ், ஜப்பான் மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரி தந்த மருந்து. இன்று கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் விழுங்கும் மாத்திரை அதுதான்.

எனக்குப் பிடித்தது, 1991இல் கத்தியைக் கீழே வைத்த பிறகும் அவர் ஓயாததுதான். கொடுத்தவரின் செல்கள் பல ஆண்டுகள் கழித்தும் வாங்கியவர் உடம்பில், தோலில்கூட, உலவுவதை அதற்குப் பிறகுதான் காட்டினார்.