ஓபன்பாக்ஸ் போட்டதும் கருப்புத் திரை: லேப்டாப் போச்சா?

அருமனையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அக்கா பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப், 2 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், பேட்டரி செத்து வருஷங்கள் ஆகிறது. அதில் லினக்ஸ் மின்ட் 21.3 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை, சினமன் என்ற டெஸ்க்டாப்போடு போட்டு வீட்டு ரப்பர் கணக்கை லிப்ரேஆபிஸில் எழுதி வருகிறார்: இன்று எத்தனை ஷீட், ஒட்டுப்பால் எத்தனை கிலோ, வெட்டுகிறவருக்குக் கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு என்று. கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபயர்பாக்ஸில் விலை பார்க்கப் போனால் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறதாம். லேசான விண்டோ மேனேஜர் போட்டால் பறக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து ஓபன்பாக்ஸ் போட்டிருக்கிறார். லாகின் செய்தால் கருப்புத் திரை, நடுவில் மவுஸ் அம்பு, வேறு ஒன்றும் இல்லை. "அண்ணா, சிஸ்டம் போச்சா? மறுபடி மின்ட் போடணுமா? இது சரியானால் சினமனை அழித்துவிடலாமா? தமிழ் டைப்பிங் வருமா?" என்று ஒரே மூச்சில் நாலு கேள்வி.

பேடிக்காண்டாம் தம்பி, ஒன்றும் போகவில்லை. நீங்கள் பார்த்த கருப்புத் திரைதான் ஓபன்பாக்ஸ். அது ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கே அதுதான் அடையாளம். திரையில் வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து பாருங்கள், டெர்மினல், பிரவுசர், எக்ஸிட் என்று ஒரு சின்ன மெனு வரும். எக்ஸிட் கொடுத்தால் மெஷின் நிற்காது, லாகின் திரைக்குத்தான் திரும்பும். அங்கே உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஐகான் இருக்கும், அதைத் தட்டினால் சினமன், ஓபன்பாக்ஸ் எல்லாம் வரிசையாகத் தெரியும். சினமனைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால் எல்லாம் பழையபடி இருக்கும். கடைசியாகத் தேர்ந்தெடுத்ததையே அது நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால்தான் அடுத்த தடவை ஆன் செய்தபோதும் உங்களுக்குக் கருப்பே வந்திருக்கிறது. ஆட்டோ லாகின் போட்டிருந்தால் இந்தத் திரை கண்ணிலேயே படாது, ஒருமுறை லாக் அவுட் செய்தால்தான் வரும்.

வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. விண்டோ மேனேஜர் என்பதன் வேலை ரொம்பச் சின்னது: ஜன்னலுக்குச் சட்டம் போடுவது, தலைப்புப் பட்டை வைப்பது, நகர்த்துவது, மூடுவது, அவ்வளவுதான். சினமன் என்பது கல்யாணத்துக்கு மொத்தமாகக் கான்ட்ராக்ட் எடுத்தவர் மாதிரி, பந்தல், லைட், சாப்பாடு, தாம்பூலப் பை வரை அவர் பொறுப்பு. ஓபன்பாக்ஸ் நாற்காலி மட்டும் போட்டுத் தருகிறவர். கீழே பட்டை, கடிகாரம், வைஃபை ஐகான், வால்பேப்பர் எதுவும் அவர் கணக்கில் வராது, அதையெல்லாம் நீங்களே ஆள் பிடித்து வைக்க வேண்டும். அதனால்தான் அது இவ்வளவு லேசு. 2002இல் தொடங்கிய ஆள், கடைசி வெளியீடு 3.6.1, அது 2015இல் வந்தது. பழசாச்சே என்று யோசிக்க வேண்டாம், மாற்ற வேண்டியது அதிகம் மிச்சமில்லாத அளவுக்குச் சின்ன நிரல் அது.

சரி, ஆள் பிடிக்கலாம். சினமனுக்குள் போய் சினாப்டிக்கையோ மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரையோ திறந்து டின்ட்2, பிசிமேன்எஃப்எம், ஓபிகான்ஃப், எல்எக்ஸ்போல்கிட் என்ற நாலையும் தேடிப் போடுங்கள். டின்ட்2 கீழ்ப்பட்டை. பிசிமேன்எஃப்எம் ஃபைல் மேனேஜர், பென்டிரைவ் செருகினால் கவனிப்பதும் அதுவே. ஓபிகான்ஃப் ஓபன்பாக்ஸின் செட்டிங்ஸ் பெட்டி. நாலாவது, ஏதாவது புரோகிராம் பாஸ்வேர்டு கேட்க வேண்டி வந்தால் அந்தப் பெட்டியைக் காட்டுகிற ஆள். இதை விட்டுவிட்டால் அப்டேட் கொடுக்கும்போது பாஸ்வேர்டு பெட்டி வராமல், ஏன் என்று புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

அடுத்தது, இவர்கள் எல்லாம் லாகின் ஆனதும் தானாக வர வேண்டும். ஹோம் ஃபோல்டரைத் திறந்து கன்ட்ரோலையும் எச்சையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். புள்ளியில் தொடங்கும் கான்ஃபிக் என்ற ஃபோல்டருக்குள் ஓபன்பாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள், எல்லாம் சின்ன எழுத்தில். இனி ஃபைல் சிஸ்டத்தில் ஈடிசி, அதற்குள் எக்ஸ்டிஜி, அதற்குள் ஓபன்பாக்ஸ் என்று போனால் ஆட்டோஸ்டார்ட், என்விரான்மென்ட், மெனு, ஆர்சி என்று நாலு ஃபைல் கிடக்கும். நாலையும் காப்பி செய்து உங்கள் ஃபோல்டருக்குள் போடுங்கள். அசலில் கை வைக்க வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும்.

இப்போது உங்கள் ஆட்டோஸ்டார்ட் ஃபைலைத் திறந்து, ஒரு வரிக்கு ஒரு ஆள்: டின்ட்2 ஒரு வரி, எல்எக்ஸ்போல்கிட் ஒரு வரி. பெயர்களைச் சின்ன ஆங்கில எழுத்தில் எழுதி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் இடைவெளி விட்டு & என்ற குறியைப் போட வேண்டும். இந்தக் குறியைக் கொஞ்சம் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் கணினி முதல் வரியில் இருக்கும் புரோகிராம் முடியும்வரை காத்திருக்கும், டின்ட்2 முடிகிற ஜாதியே இல்லை, அதனால் இரண்டாவது வரிக்கு அது வரவே வராது. மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில் இதே வேலையைச் செய்துகொடுத்துவிட்டு பஸ் ஏறினேன், பாதி வழியில் போன்: "பட்டை வருது, பாஸ்வேர்டு கேட்க மாட்டேங்குது." திரும்பிப் போய்ப் பார்த்தால் முதல் வரியில் அந்த ஒரு குறி இல்லை. நான் எழுதிய வரிதான், வேறு யாரைச் சொல்வது?

வைஃபைக்கும் ஒரு வரி சேர்க்கணுமா என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். ஓபன்பாக்ஸ் செஷன் தொடங்கும்போது, எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஆட்டோஸ்டார்ட் பட்டியலையும் ஓட்டிப் பார்க்கும், வைஃபை ஐகானைக் காட்டும் நெட்வொர்க் ஆப்லெட் பெரும்பாலும் அதில் வந்துவிடும். அதாவது நீங்கள் கருப்புத் திரையைப் பார்த்துத் திகைத்து நின்றபோதே வைஃபை ஆப்லெட் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கலாம், உட்காரத்தான் அதற்கு இடம் இல்லை. டின்ட்2 வந்ததும் வலது ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உட்காரவில்லை என்றால் மட்டும் என்எம்-ஆப்லெட் என்று ஒரு வரி சேருங்கள்.

டின்ட்2வுக்குத் தனி செட்டிங்ஸ் பெட்டி உண்டு, அதில் லாஞ்சர் பகுதியில் ஃபயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ் கால்க், ஃபைல் மேனேஜர், டெர்மினல் நாலையும் வைத்துவிட்டால் அப்பாவும் உபயோகிக்கலாம். வால்பேப்பர் ஆசை இருந்தால் பிசிமேன்எஃப்எம்மையே டெஸ்க்டாப் வரைய விடலாம். ஆனால் அப்படிச் செய்தால் ரைட் கிளிக்கை அது பிடுங்கிக்கொள்ளும், ஓபன்பாக்ஸ் மெனு வராது. விண்டோ மேனேஜரின் மெனுவைக் காட்டு என்று அதன் டெஸ்க்டாப் செட்டிங்ஸில் ஒரு டிக் இருக்கிறது, அதைப் போட வேண்டும். என்னைக் கேட்டால் கருப்பே இருக்கட்டும்.

இன்னொன்று, இதைச் சொல்லாவிட்டால் அடுத்த வாரம் நீங்களே மறுபடி எழுதுவீர்கள். ஓபன்பாக்ஸில் முதலிலேயே நாலு டெஸ்க்டாப் இருக்கும், திரையின் வெறும் இடத்தில் மவுஸ் சக்கரத்தை உருட்டினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது கை தவறி உருட்டினால் ஃபைல் மாயமாகிவிட்டது போல இருக்கும். ஒன்றும் மாயமாகவில்லை, பக்கத்து அறையில் கிடக்கிறது. வெறும் இடத்தில் மவுஸின் நடுப் பட்டனை அழுத்தினால் எல்லா டெஸ்க்டாப்பிலும் திறந்திருக்கும் ஜன்னல்களின் பட்டியல் வரும். வீட்டில் பெரியவர்களும் பயன்படுத்தும் மெஷின் என்றால் ஓபிகான்ஃபைத் திறந்து டெஸ்க்டாப் எண்ணிக்கையை ஒன்று ஆக்கிவிடுங்கள், வம்பே இல்லை.

இவ்வளவு ஒட்டுப்போடும் வேலை எதற்கு என்று தோன்றினால் ஐஸ்டபிள்யூஎம் போட்டுப் பாருங்கள், அதுவும் லேசுதான், பட்டை, மெனு, கடிகாரம் கூடவே வரும். லாகின் திரையில் ஐஸ்டபிள்யூஎம் செஷன் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஜன்னல்களைத் தானே அடுக்கும் ஐ3 என்று ஒன்றைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். நல்லதுதான், ஆனால் மவுஸை விட்டுவிட்டு கீபோர்டிலேயே வாழ்கிறவர்களுக்கானது, ஷீட் கணக்கு எழுத அது வேண்டாம்.

தமிழ் டைப்பிங். சினமன் செட்டிங்ஸில் வைத்த கீபோர்டு சினமனோடு நின்றுவிடும், ஓபன்பாக்ஸுக்கு அது தெரியாது. அதனால் ஐபஸ் என்ற டைப்பிங் கருவி வழியாகப் போவதே நல்லது. ஐபஸ்-எம்17என் பேக்கேஜைப் போட்டு, மின்ட் மெனுவில் இன்புட் மெத்தட் என்று இருப்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து வாருங்கள். அப்புறம் ஐபஸ் செட்டிங்ஸில் தமிழுக்குக் கீழே தமிழ்99 அல்லது ஃபொனெட்டிக், எது கைக்குப் பழக்கமோ அதைச் சேருங்கள். விண்டோஸ் சின்னம் போட்ட கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும். தலைப்புப் பட்டையில் தமிழ் ஃபைல் பெயர்கள் கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒழுங்காக வரும், ஏனென்றால் ஓபன்பாக்ஸும் டின்ட்2வும் எழுத்தைக் காட்ட பாங்கோ என்ற நூலகத்தைத்தான் நம்பியிருக்கின்றன.

சினமனை அழிக்காதீர்கள். டிஸ்கில் சும்மா கிடக்கும் சினமன் ரேமில் ஒரு துளியும் எடுக்காது. அதை அழிக்கப் போய், கூடவே கட்டி வைத்திருக்கும் வேறு எதையாவது பிடுங்கிவிட்டு, அப்போதுதான் உண்மையிலேயே கருப்புத் திரையைப் பார்ப்பீர்கள். வாரத்துக்கு ஒருமுறை சினமனுக்குள் போய் அப்டேட் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள், 21.3க்கு 2027 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பறக்குமா? கொஞ்சம். டெர்மினலில் ஃப்ரீ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சின்னக் கோடும் எச்சும் போட்டுப் பாருங்கள், சினமனில் ஒருமுறை, ஓபன்பாக்ஸில் ஒருமுறை, இரண்டிலும் மெஷினை ரீஸ்டார்ட் செய்து எதையும் திறக்காமல். பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள அவைலபிள் என்ற எண், ஃப்ரீ என்ற எண் அல்ல, ஏனென்றால் லினக்ஸ் சும்மா இருக்கும் ரேமை டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொண்டு, கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். இந்த மாதிரி மெஷின்களில் நான் பார்த்தவரை சில நூறு எம்பி மிச்சமாகும். 8 ஜிபி மெஷினில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், 2 ஜிபியில் அது ஒரு லிப்ரேஆபிஸ் திறக்கிற இடம். ஆனால் ஃபயர்பாக்ஸில் ரப்பர் விலை, வாட்ஸ்அப் வெப், யூடியூப் மூன்றையும் திறந்து வைத்தால் மிச்சம் பிடித்ததை அது ஒரே வாயில் விழுங்கிவிடும், விண்டோ மேனேஜர் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் யூபிளாக் ஒரிஜின் போட்டு விளம்பரத்தை நிறுத்துங்கள், விலை பார்த்ததும் டேபை மூடுங்கள். ஜிராம்-கான்ஃபிக் என்ற பேக்கேஜைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், ரேமுக்குள்ளேயே பழைய விஷயங்களைச் சுருக்கி வைக்கும், மெதுவான ஹார்ட் டிஸ்கில் போய் முட்டுவது குறையும். உங்கள் மெஷின் அப்படியே நின்றுவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த முட்டல்தான்.

கையில் காசு வரும்போது முதலில் ரேம், அடுத்து எஸ்எஸ்டி. கடைக்குப் போகுமுன் பின்மூடியைத் திறந்து பழைய ரேமின் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3 என்றும் டிடிஆர்3எல் என்றும் இரண்டு உண்டு, எல் போட்டது 1.35 வோல்ட்டிலும் ஓடும், பழைய 1.5 வோல்ட்டிலும் ஓடும், எல் போடாதது 1.5 மட்டும். சந்தேகமாக இருந்தால் எல் போட்டதைக் கேளுங்கள்.

அப்புறம், பேட்டரி செத்த மெஷின் என்றீர்கள். மழைக்காலத்தில் நம்ம பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லிப்ரேஆபிஸ் தானாகச் சேமிப்பது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறைதான், ஆப்ஷன்ஸில் லோட்/சேவ் பகுதியில் போய் அதை இரண்டு ஆக்குங்கள். அதை இன்றைக்கே செய்யலாம், ஓபன்பாக்ஸ் நாளைக்கு ஆகட்டும்.