ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் அனைத்தும் ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ என்ற திறமூல மெய்நிகராக்கத் தளத்தைப் பற்றியவை. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, இயக்க உதவும் இம்மென்பொருள் 2008-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து வெளிவந்தது. டெபியன் லினக்ஸே இதன் அடித்தளம்; விஎம்களை இயக்குவது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் உள்ள கேவிஎம் என்ற வசதி. இதே வகை மென்பொருளைத் தரும் விஎம்வேர் நிறுவனத்தை பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கி, நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திய பிறகு, பலர் இதன் பக்கம் திரும்பினர். அப்படி வந்தவர்கள் முதலில் தடுமாறும் இடங்களே கீழுள்ள கேள்விகளில் பெரும்பாலும் உள்ளன.

கேள்வி: இரண்டு சர்வர்களை ஒரே கிளஸ்டராக, அதாவது ஒன்றாகச் செயல்படும் குழுவாக, இணைத்திருக்கிறோம். ஒன்றின் மதர்போர்டு பழுதாகிவிட்டது. நல்ல நிலையில் உள்ள மற்றொன்றில் ஒரு விஎம்மை இயக்க முயன்றால், 'கிளஸ்டர் தயாராக இல்லை, கோரம் இல்லையா?' என்று பிழைச்செய்தி வருகிறது. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும் என்று நம்பித்தானே கிளஸ்டர் அமைத்தோம்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆயினும் அந்தச் சர்வர் அடம்பிடிக்கவில்லை. உங்கள் தரவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கூட்டம் நடத்தக் குறைந்தபட்ச உறுப்பினர்கள் வராவிட்டால் 'கோரம் இல்லை' என்று சொல்லி ஒத்திவைப்பார்கள் அல்லவா, அதே கணக்குதான் இங்கும். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு. மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் இருந்தால்தான் கிளஸ்டர் முடிவெடுக்கும். இரண்டு வாக்குகளில் ஒன்று என்பது சரிபாதி, பெரும்பான்மை ஆகாது. எனவே அமைப்புக் கோப்புகள் அனைத்தும் இருக்கும் 'இடிசி-பிவிஇ' கோப்புறை, படிக்க மட்டுமே முடியும் என்ற நிலைக்கு மாறிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்கள் தொடர்ந்து ஓடும். புதிதாக எதையும் இயக்கவோ மாற்றவோ முடியாது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு என்றால், மறுமுனையில் பதில் இல்லை என்பதை மட்டும் வைத்து அந்தச் சர்வர் செத்துவிட்டதா, இடையிலுள்ள கேபிள் கழன்றுவிட்டதா என்று இந்தச் சர்வரால் கண்டுபிடிக்க இயலாது. கேபிள்தான் கழன்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சர்வர்களும் 'மற்றவன் போய்விட்டான்' என்று முடிவுசெய்து, பொதுச் சேமிப்பகத்தில் உள்ள ஒரே டிஸ்க்கைத் திறந்து ஒரே விஎம்மை இரண்டு பக்கமும் இயக்கினால், சில நிமிடங்களில் அந்தக் கோப்பு முறைமை சிதைந்துவிடும். அந்த இழப்போடு ஒப்பிட்டால் ஒரு மணிநேரம் நின்றுபோவது பெரிதல்ல.

'பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1' என்ற கட்டளையால் எதிர்பார்க்கும் வாக்குகளின் எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துக் கோரத்தைத் தற்காலிகமாக மீட்கலாம். அந்தக் கட்டளையைத் தட்டுவதற்கு முன் பழுதான சர்வரின் மின்கம்பியை உங்கள் கையாலேயே பிடுங்கிவிடுங்கள். யாரோ வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்து அது பாதி உயிரோடு எழுந்துவிட்டால், மேலே சொன்ன விபத்து நடந்துவிடும். அதன் பிறகு, டிஸ்க் பொதுச் சேமிப்பகத்தில் இருக்கும் விஎம்களின் அமைப்புக் கோப்புகளை மட்டும் பழுதான சர்வரின் கோப்புறையிலிருந்து நல்ல சர்வரின் கோப்புறைக்கு நகர்த்தி இயக்கலாம். பழுதான சர்வரின் சொந்த டிஸ்க்கில் இருந்த விஎம்களுக்கு இது பயன்படாது. அவற்றைப் பேக்கப்பிலிருந்துதான் மீட்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு மூன்றாவது வாக்கு. அதற்கு மூன்றாவதாக ஒரு பெரிய சர்வர் தேவையில்லை. டெபியன் நிறுவிய எந்தச் சிறு கணினியிலும் 'கோரோசிங்க்-கியூநெட்டி' என்ற சேவையை நிறுவி, அதைக் கியூடிவைஸாகச் சேர்த்தால் போதும். அதன் வேலை வாக்களிப்பது மட்டுமே. அந்தக் கியூடிவைஸை அதே கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மாக அமைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விஎம் இருக்கும் சர்வர் விழுந்தால் இரண்டு வாக்குகள் சேர்ந்தே போய்விடும். தயவுசெய்து வெளியே வையுங்கள்.

கேள்வி: மூன்று சர்வர்கள் கொண்ட கிளஸ்டரில் ஹெச்ஏ வசதியை, அதாவது ஒரு சர்வர் விழுந்தால் அதன் விஎம்களை மற்றொன்று தானாகவே எடுத்து இயக்கும் வசதியை, இயக்கியிருக்கிறோம். வாரத்தில் ஓரிரு நாள், நள்ளிரவுக்குப் பிறகு மூன்று சர்வர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தாமாகவே மறுதொடக்கம் ஆகின்றன. மின்சாரம், யுபிஎஸ், ரேம் எல்லாவற்றையும் சோதித்துவிட்டோம். குறை எதுவும் தெரியவில்லை.

பதில்: கடிதத்தின் கடைசியில், பேக்கப் வேலையும் இரவில்தான் ஓடுகிறது என்றும், எல்லாவற்றுக்கும் ஒரே நெட்வொர்க் கார்டுதான் என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான்.

கிளஸ்டரின் சர்வர்கள் 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா' என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கின்றன. இதைச் செய்வது கோரோசிங்க் என்ற மென்பொருள். இதற்கு அகலமான பாதை தேவையில்லை. பதில் தாமதமின்றி வர வேண்டும், அவ்வளவுதான். சில மில்லிவினாடிகளுக்குள் பதில் வந்துகொண்டிருக்கும் வரை எல்லாம் நலம். பேக்கப் தொடங்கியதும் பல நூறு ஜிகாபைட் தரவு அதே கேபிளில் பாயும்போது, இந்தச் சிறு பொட்டலங்கள் வரிசையில் காத்துக்கிடக்கின்றன. கோரோசிங்க் மற்றவர்கள் போய்விட்டதாகக் கருதுகிறது. மூன்று சர்வர்களும் தனித்தனியே 'நான் ஒருவன்தான் மிச்சம்' என்ற முடிவுக்கு வருகின்றன. எதற்கும் கோரம் இல்லை.

ஹெச்ஏ இல்லாத கிளஸ்டர் இந்த நிலையில் சும்மா காத்திருக்கும். ஹெச்ஏ இயங்கும்போது கதையே வேறு. தன்னிடமுள்ள விஎம்மை வேறொரு சர்வர் எடுத்து இயக்கப்போகிறது என்றால், தான் அதை இயக்கிக்கொண்டிருக்கக் கூடாது என்பதே விதி. ஆகவே கோரம் இழந்த சர்வர், வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறது. 60 வினாடிகளில் கடிகாரம் சர்வரை வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் செய்துவிடுகிறது. உங்கள் சர்வர்களை வீழ்த்தியது பழுதான எந்த உதிரிப்பாகமும் அல்ல, இந்தக் காவல்தான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இதைச் சரிபார்க்க, 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் முந்தைய தொடக்கத்துக்குரிய பதிவைக் கேட்டுப் பாருங்கள். வாட்ச்டாக் அடித்துவிடுவதால் கடைசிச் சில வினாடிகள் பதிவாகாமல் போகலாம். அதற்கு முந்தைய ஓரிரு நிமிடங்களைக் கவனியுங்கள். லிங்க் 'டவுன்' ஆனது என்றும், சர்வர்களிடையே சுற்றிவரும் டோக்கன் என்ற செய்தி வந்து சேரவில்லை என்றும் கோரோசிங்க் எழுதிய வரிகள் பேக்கப் தொடங்கிய நேரத்தை ஒட்டி இருந்தால், வேறு எதையும் தேட வேண்டாம்.

கோரோசிங்குக்கென்று தனி நெட்வொர்க் கார்டும் தனி சுவிட்சும் கொடுங்கள். ஒதுக்கிவைத்த பழைய ஒரு ஜிகாபிட் சுவிட்சே தாராளம். இப்போதுள்ள பாதையை இரண்டாவது லிங்காக வைத்துக்கொண்டால், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். ஒரே கேபிளில் விலேன் என்ற தனி மெய்நிகர் நெட்வொர்க்கைப் பிரித்தால் போதாதா என்று கேட்பீர்கள். கம்பி ஒன்றுதான் என்பதால் நெரிசலும் அதேதான். புதிய கார்டு வந்துசேரும் வரை, பேக்கப் அமைப்பில் வேக வரம்பு வைத்துச் சமாளியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கோரோசிங்க் அமைப்புக் கோப்பைத் திருத்துகையில் நேரடியாக அதில் கைவைக்காமல், நகலெடுத்துத் திருத்தி, அதிலுள்ள பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி, பிறகு இடம் மாற்றுங்கள். அதற்கும் முன்பாக எல்லாச் சர்வர்களிலும் 'பிவிஇ-ஹெச்ஏ-எல்ஆர்எம்' சேவையையும், அடுத்து 'பிவிஇ-ஹெச்ஏ-சிஆர்எம்' சேவையையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் திருத்தத்தில் ஏற்படும் சிறு பிழைகூட மூன்று சர்வர்களையும் பட்டப்பகலில் மறுதொடக்கம் செய்துவிடும்.

கேள்வி: ஒரு விஎம்மின் மீது மஞ்சள் எச்சரிக்கைக் குறி தோன்றி, 'ஐஓ-எரர்' என்று காட்டி நின்றுவிட்டது. அந்த விஎம்முக்குள் பாதிக்கு மேல் இடம் காலியாகத்தான் இருந்தது. பிறகு எப்படி இடமில்லாமல் போகும்?

பதில்: விஎம்முக்குள் தெரியும் காலியிடம் வேறு, சர்வரின் டிஸ்க்கில் உள்ள காலியிடம் வேறு. நீங்கள் பயன்படுத்தும் எல்விஎம்-தின் என்ற சேமிப்பு முறையில், 100 ஜிகாபைட் என்று எழுதிக்கொடுத்தாலும் உண்மையில் தரவு எழுதப்படும்போதுதான் இடம் ஒதுக்கப்படுகிறது. ஆகவே இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்துவிட முடிகிறது. விஎம்முக்குள் ஒரு கோப்பை அழித்தாலும், அழித்த செய்தி கீழே வந்து சேராவிட்டால் அந்த இடம் திரும்புவதில்லை. இப்படியே சேர்ந்து சேர்ந்து, எல்லா விஎம்களுக்கும் இடம் தரும் பொதுச் சேமிப்புத் தொகுப்பு 100 விழுக்காடு நிரம்பிவிடுகிறது.

முதலில் 'எல்விஎஸ்' கட்டளையில் தரவு, எந்தத் தரவு எங்கே உள்ளது என்ற குறிப்பான மெட்டாடேட்டா ஆகிய இரண்டின் விழுக்காட்டையும் பாருங்கள். மெட்டாடேட்டா நிரம்புவது இன்னும் ஆபத்தானது. விஎம்மைத் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காதீர்கள். தேவையற்ற பழைய ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது விஎம்மின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைத்த பதிவுகளை, நீக்குங்கள். பெரிய டிஸ்க்கில் வழக்கமான முறையில் நிறுவியிருந்தால், நிறுவுமென்பொருள் 16 ஜிகாபைட் அளவை எவருக்கும் ஒதுக்காமல் விட்டுவைத்திருக்கும். 'விஜிஎஸ்' கட்டளையில் அது தெரிந்தால், அதிலிருந்து சில ஜிகாபைட்டை எடுத்துத் தொகுப்பை நீட்டித்து மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

மூச்சு வந்த பிறகு, ஒவ்வொரு விஎம் டிஸ்க்கின் அமைப்பிலும், அழித்த செய்தியைக் கீழே அனுப்பும் 'டிஸ்கார்டு' என்பதைக் குறியிட்டு, விஎம்மை முழுவதுமாக நிறுத்தி மீண்டும் இயக்கி, லினக்ஸ் விஎம் என்றால் உள்ளே 'எஃப்எஸ்டிரிம்' கட்டளையை ஓட்டுங்கள். விண்டோஸ் என்றால் டிரைவ் ஆப்டிமைஸ் வசதி அதே வேலையைச் செய்யும். எல்விஎஸ் காட்டும் விழுக்காடு உங்கள் கண்ணெதிரேயே இறங்கும். எல்விஎம்மில் தானாக நீட்டிக்கும் வசதி உண்டு என்றாலும், அதன் வரம்பு இயல்பாக 100 என்று இருப்பதால் அது செயல்படுவதில்லை. 80 விழுக்காட்டைத் தொடும்போதே அறிவிப்பு வரும்படி ஏற்பாடு செய்வதே நம்பத்தக்கது.

கேள்வி: 64 ஜிகாபைட் ரேம் உள்ள சர்வரில் விஎம்கள் எடுத்துக்கொள்வது 20 ஜிகாபைட்தான். ஆனால் 50-க்கும் மேல் பயன்பாட்டில் இருப்பதாகக் காட்டுகிறது. நினைவகக் கசிவா?

பதில்: கசிவு அல்ல. இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, டிஸ்க்கில் படித்ததை ரேமில் வைத்துக்கொள்ளும் ஏஆர்சி என்ற தேக்கம் அது. லினக்ஸின் வழக்கமான தேக்கத்தைப் போல இது 'காலி' என்ற கணக்கில் சேர்வதில்லை. 8.1 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது இதன் உச்சம் மொத்த ரேமில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 16 ஜிகாபைட் என்று வைக்கப்படுகிறது. அதற்கு முன் நிறுவி, மேம்படுத்திக்கொண்டே வந்த சர்வரில் பழைய 50 விழுக்காடுதான் தொடரும். அதைக் குறைக்க, 'இசட்எஃப்எஸ்-ஏஆர்சி-மேக்ஸ்' என்ற அமைப்பில் உச்ச அளவைப் பைட்டுகளில் எழுத வேண்டும். 8 ஜிகாபைட் என்றால் 8589934592. சர்வரின் இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பு முறைமையும் இசட்எஃப்எஸ் என்றால், தொடக்கத்தில் ஏற்றப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்த பிறகே இது நடைமுறைக்கு வரும்.

கேள்வி: ஒரு என்விஎம்இ டிஸ்க்கைச் செருகி இயக்கியதிலிருந்து 8006 போர்ட்டில் மேலாண்மைப் பக்கம் திறக்கவில்லை. விஎம்களையும் அணுக முடியவில்லை.

பதில்: புதிய சாதனம் வந்ததால், மதர்போர்டில் செருகிய சாதனங்களுக்கான பிசிஐ வரிசை எண்கள் நகர்ந்து, நெட்வொர்க் கார்டின் பெயரில் உள்ள எண் மாறியிருக்கும். விஎம்களை நெட்வொர்க்குடன் இணைக்கும் 'விஎம்பிஆர்0' என்ற பாலம் இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது. திரையையும் விசைப்பலகையையும் நேரடியாக இணைத்து, 'ஐபி லிங்க்' கட்டளையில் புதிய பெயரைப் பார்த்து, 'இன்டர்ஃபேசஸ்' கோப்பில் அதை எழுதி, 'ஐஎஃப்ரீலோடு' கட்டளையை ஓட்டினால் எல்லாம் திரும்பிவிடும். மீண்டும் நேராமல் இருக்க, கார்டின் வன்பொருள் அடையாள எண்ணான மேக் முகவரியை வைத்துப் பெயரை நிலைப்படுத்துங்கள். 9-ஆம் பதிப்பில் இதற்கென்றே ஒரு கருவி தந்திருக்கிறார்கள்.

கேள்வி: தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம். தனியே பேக்கப் அவசியமா?

பதில்: அவசியம். ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் சேர்ந்தே போகும். மென்பொருளை மேம்படுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பு எடுத்து, எல்லாம் சரியானதும் நீக்கிவிட வேண்டிய பொருள் அது. பேக்கப் வேறொரு கணினியில் இருக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை அங்கே நிறுவினால், மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பி இடத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

பேக்கப் வெற்றி என்று மின்னஞ்சல் வருவதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மாதம் ஒருமுறை, உங்களுக்கு மிக முக்கியமான விஎம்மை வேறோர் எண்ணில் மீட்டெடுங்கள். அப்போது 'யூனிக்' என்பதைக் குறியிட்டால் புதிய மேக் முகவரி கிடைக்கும். இயக்குவதற்கு முன் அதன் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஐபி முகவரியுடன் இரண்டு விஎம்கள் நெட்வொர்க்கில் நின்று மோதும். உள்நுழைவுத் திரை வந்ததும் நிறுத்திவிடாமல், தரவுத்தளத்தைத் திறந்து, பேக்கப் எடுத்த நாளில் கடைசியாகப் பதிவான வரி அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். அது கண்ணில் பட்ட பிறகு அந்தச் சோதனை விஎம்மை அழித்துவிடலாம்.