எடையைக் குறைக்க எதை எடுத்தார்கள்? – லேப்டாப் கேள்வி பதில்

கேள்வி: மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். தினமும் மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்வர வேண்டும். எடை குறைந்த லேப்டாப் கேட்டால், ‘ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் எல்லாம் இதில் ஓடாது, கேமிங் லேப்டாப்தான் எடுக்கணும்’ என்கிறார் கடைக்காரர். 65,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதிகூட உண்மையில்லை. ஆட்டோகேடில் 2டி வரைபடம், சாலிட்வொர்க்ஸில் தனி உதிரிபாகம், முப்பது நாற்பது பாகங்கள் கொண்ட சிறிய அசெம்பிளி, இவையெல்லாம் பிராசஸரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸில் ஓடிவிடும். நூற்றுக்கணக்கான பாகங்கள் கொண்ட அசெம்பிளியைச் சுழற்றிப் பார்க்கும்போதுதான் திணறும். வேடிக்கை என்னவென்றால், சாலிட்வொர்க்ஸ் நிறுவனம் சான்றளிக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளின் பட்டியலில் இருப்பவை வொர்க்ஸ்டேஷன் கார்டுகள். கேமிங் லேப்டாப்பில் வரும் ஜீஃபோர்ஸ் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பாகம் விசையைத் தாங்குமா என்று கணக்கிடும் ஆன்சிஸ் போன்ற மென்பொருள்களில் கணக்கு ஓடும் நேரத்தை முதலில் தீர்மானிப்பது ரேமும் பிராசஸரும்தான். ஆன்சிஸின் இலவச மாணவர் பதிப்பில் கணக்கின் அளவுக்கே வரம்பு வைத்திருக்கிறார்கள். லேப்டாப் திணறும் முன் அந்த வரம்பு வந்துவிடும்.

பி.ஆர்க். மாணவர் என்றால் கதை வேறு. கட்டடங்களை நிஜம்போன்ற படமாக ரெண்டர் செய்ய அவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

எடைக்கு வருவோம். கேமிங் லேப்டாப் சுமார் 2.3 கிலோ, அதன் செங்கல் போன்ற சார்ஜர் அரை கிலோவுக்கு மேல். மெல்லிய லேப்டாப் 1.4 கிலோ, 65 வாட் சார்ஜர் 300 கிராம் சொச்சம். பையில் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம். சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ரெக்கார்டு நோட்டு எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன.

ஆனால் எடை சும்மா குறைவதில்லை. எதையாவது எடுத்துத்தான் குறைக்கிறார்கள். முதலில் கை வைப்பது பேட்டரியில். ‘1.3 கிலோ முதல்’ என்று விளம்பரத்தில் இருந்தால், அந்த ‘முதல்’ சிறிய பேட்டரி போட்ட மாடலுக்கானது. எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்காதீர்கள், எத்தனை வாட்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) என்று கேளுங்கள். டைப் செய்வது, பிரவுசர் பார்ப்பது போன்ற வேலைக்கு லேப்டாப் சுமார் 7 வாட் இழுக்கும். 42 வாட்-அவர் பேட்டரி என்றால் 6 மணி நேரம், 56 என்றால் 8 மணி நேரம். சாலிட்வொர்க்ஸைத் திறந்தால் 20 வாட்டைத் தாண்டும். 42 வாட்-அவர் இரண்டு மணி நேரத்தில் காலி. காலையில் போய் மாலையில் திரும்புபவருக்கு 50க்குக் கீழே வேண்டாம்.

அடுத்து, டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்று பாருங்கள். டைப்-சி துளை இருப்பதாலேயே ஏறும் என்று அர்த்தமில்லை. சில மலிவு மாடல்களில் அது டேட்டாவுக்கு மட்டும். சார்ஜுக்கு வட்டப் பின்தான். ஏறும் என்றால், சார்ஜரை மறந்துவிட்டுப் போன நாளில் தோழியின் 65 வாட் சார்ஜர் கைகொடுக்கும்.

கடையிலேயே லேப்டாப்பை மேசையில் வைத்து, மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து பாருங்கள். திரை முறுக்கிக்கொண்டு வந்தால், கீல் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நொறுக்கென்றால், அதை விட்டுவிடுங்கள். மலிவான மாடல்களில் கீலின் திருகுகள் பிளாஸ்டிக் குமிழ்களில்தான் பிடித்து நிற்கின்றன. ஒன்றிரண்டு வருடத்தில் அவை பெயர்ந்து, மூடியைத் திறக்கும்போது கீழ்ப்பகுதியும் சேர்ந்து வாய் பிளக்கும்.

ஆக, 14 அங்குலத் திரை, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 1.5 கிலோவுக்குள் என்று தேடுங்கள். 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏறிவிட்டதால் உங்கள் தொகைக்குள் 16 ஜிபி கிடைப்பது கொஞ்சம் இழுபறிதான். பணம் இடித்தால் உலோக உடலையும் கைரேகை சென்சாரையும் விட்டுக்கொடுங்கள், ரேமை விடாதீர்கள்.

கேள்வி: இப்போதைக்கு 8 ஜிபி ரேம் உள்ளதை வாங்கிவிட்டு, மூன்றாம் ஆண்டில் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: போட இடம் இருந்தால் போடலாம். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்டிருக்கும் (சால்டர்). வாங்கிய அன்று என்னவோ கடைசிவரை அதுதான். விவரப் பட்டியலில் ‘எல்பிடிடிஆர்5’ என்பதுபோல எல்பி என்று தொடங்கினால் பெரும்பாலும் சால்டர்தான். வெறும் ‘டிடிஆர்4’, ‘டிடிஆர்5’ என்றிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ பீஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘எஸ்ஓடிஐஎம்எம்’ என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் சால்டர். பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும்.

8 ஜிபி சால்டர் செய்து கூடவே ஒரு ஸ்லாட் காலியாக விட்ட மாடல்களும் உண்டு. எடைக்கும் எதிர்காலத்துக்கும் நல்ல சமரசம். அதில் 8 ஜிபி சேர்த்தால் இரட்டைச் சேனலாகி (டேட்டா இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் போய்வந்து), பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் வேகமெடுக்கும். இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ இதற்கு நல்ல உதாரணம்: ஒற்றை ரேம் குச்சியோடு இருந்தால் விண்டோஸ் அதை ‘யுஎச்டி கிராஃபிக்ஸ்’ என்றே காட்டும், இரண்டாவது குச்சி போட்ட பிறகுதான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே வரும்.

பின்பக்கத்தைத் திறப்பதற்கு முன் வாரன்ட்டி என்னாகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 குச்சி உட்காராது. வெட்டு இருக்கும் இடமே வேறு.

கேள்வி: ஐ7 என்றால் ஐ5-ஐ விட வேகம்தானே?
– வாசகர், நாமக்கல்

பதில்: எழுத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். ஐ7-1255யு-வில் வேகமான கோர்கள் (பிராசஸருக்குள் கணக்குப் போடும் பிரிவுகள்) 2. ஐ5-13420எச்-சில் 4. கனமான வேலைக்கு அந்த ஐ5-தான் முந்தும். ஆனால் மின்சாரமும் சூடும் அதிகம், அதனால் உடலும் கனக்கும். கடைசி எழுத்து யு என்றால் சிக்கனம், எச் என்றால் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி-யின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் ஜாதகம். ரைசன் 5 7520யு-வில் அது 2: பெயர் புதிது, உள்ளே இருப்பது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு என்றால் ஜென் 3. பத்து எண்தான் வித்தியாசம். முன்னதில் கோர்கள் 4, பின்னதில் 6.

கேள்வி: மேக்புக் ஏர் 1.24 கிலோதான், ஃபேனே இல்லை என்று மகன் அடம்பிடிக்கிறான். இசிஇ படிப்புக்குச் சரிவருமா? ஸ்நாப்டிராகன் லேப்டாப்பும் பேட்டரி நிறைய நிற்கும் என்கிறார்களே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் மேக்புக் ஏர் தாராளமாகச் சரி. பைதான், ஜாவா, வெப் எல்லாம் சுகமாக ஓடும். மெஷின் லேர்னிங்குக்குக் குடா (கிராஃபிக்ஸ் கார்டிலேயே கணக்கை ஓட்டும் என்விடியாவின் மென்பொருள்) வேண்டுமென்றால்தான் என்விடியா கார்டு தேவை. அதையும் கூகுள் கோலாபில் இலவசமாகப் பழகலாம். இசிஇ-க்கு மாட்லாப் மேக்கில் ஓடும், 2023பி பதிப்பிலிருந்து ஆப்பிள் சிப்புக்கென்றே தனியாக வருகிறது. ஆனால் எஃப்பிஜிஏ-வுக்கான (உள்ளமைப்பை நாமே மாற்றி எழுதக்கூடிய சிப்) விவாடோ மென்பொருள் விண்டோஸிலும் லினக்ஸிலும் மட்டுமே ஓடும். சிவில் மாணவர்களுக்கு ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ், ரெவிட் மூன்றும், மெக்கானிக்கலுக்கு சாலிட்வொர்க்ஸும் மேக்கில் கிடையாது.

ஸ்நாப்டிராகன் என்பது செல்போன்களில் வரும் ஆர்ம் வகைச் சிப். அதில் விண்டோஸ் இருக்கிறதே என்று நினைக்கலாம். இன்டெல், ரைசனுக்காக எழுதிய மென்பொருளை அது மொழிபெயர்த்து ஓட்டும், டிரைவரை (வெளிக்கருவிகளை இயக்கும் மென்பொருள்) மட்டும் ஓட்டாது. கல்லூரி ஆய்வகத்தில் சர்க்யூட் போர்டை யுஎஸ்பி-யில் செருகும்போது, அந்த போர்டுக்கு ஆர்ம் டிரைவர் இல்லையென்றால் கணினிக்கு அது கண்ணிலேயே படாது. இசிஇ பையனுக்கு அன்றாடம் அதுதான் வேலை. இன்டெல் அல்லது ரைசன் எடுத்துக்கொடுங்கள்.

கேள்வி: வீட்டில் மூடிப் பையில் வைத்தால், கல்லூரி போய்ச் சேருவதற்குள் லேப்டாப் இட்லிச் சட்டிபோல் சுடுகிறது. பேட்டரியும் பாதி இறங்கிவிடுகிறது. பழுதா?
– மாணவி, சேலம்

பதில்: பழுதில்லை. இப்போதைய லேப்டாப்புகள் மூடினால் முழுதாகத் தூங்குவதில்லை, செல்போன்போல அரைத்தூக்கம். இடையில் அப்டேட்டுக்காக விழித்துக்கொள்ளும். பைக்குள் காற்றுத் துளைகள் அடைபட்டிருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. இப்படியே விட்டால் பேட்டரியின் ஆயுள் குறையும், சமயத்தில் உப்பவும் செய்யும்.

கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போங்கள். இடப்பக்கம், மூடியை மூடினால் என்ன ஆகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வரி இருக்கும். அதில் ‘ஸ்லீப்’ என்பதை ‘ஹைபர்நேட்’ என்று மாற்றுங்கள். பேட்டரி, சார்ஜர் இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி உண்டு. ஹைபர்நேட் பட்டியலிலேயே இல்லையென்றால், கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி /ஹைபர்நேட் ஆன்’ (powercfg /hibernate on) என்று ஆங்கிலத்தில் அடித்தால் வந்துவிடும். திறக்கும்போது சில விநாடி தாமதமாகும், திறந்து வைத்த ஃபைல்கள் அப்படியே இருக்கும். மூடியதும் விளக்கு அணைந்து ஃபேன் நிற்கும்வரை பொறுத்துப் பையில் வையுங்கள்.

கேள்வி: ரிச்சி தெருவில் கம்பெனிகள் கழித்த பழைய லேப்டாப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– மாணவர், திருவள்ளூர்

பதில்: திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளின் கீலும் கீபோர்டும் புது மலிவு லேப்டாப்பைவிட உறுதியானவை. பார்த்து வாங்கினால் லாபம்தான். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள். 8-க்குக் கீழே உள்ளவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்’ (powercfg /batteryreport) என்று அடித்தால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ இரண்டையும் ஒப்பிடுங்கள். பின்னது முன்னதில் 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துத்தான் பேரம். டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கி நின்றாலோ, அழுத்தினால் கிளிக் ஆகாமல் இறுகியிருந்தாலோ, அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது.

இதைவிட முக்கியம், கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். உள்நுழையும் திரையில் ஏதாவது கம்பெனி பெயர் வந்தால், அந்த மெஷினை அவர்கள் பதிவிலிருந்து இன்னும் நீக்கவில்லை. விண்டோஸ் தொடங்கும் முன்பே பயாஸ் (லேப்டாப்பின் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புது லேப்டாப் வந்துவிட்டது. முதல் நாளே செய்யவேண்டியது ஏதாவது உண்டா?
– வாசகி, காரைக்குடி

பதில்: மூன்று வேலைகள். பெட்டி, பில், லேப்டாப்பின் அடிப்பக்கம் மூன்றிலும் சீரியல் எண் ஒன்றா என்று பார்த்து, தயாரிப்பாளரின் இணையதளத்தில் வாரன்ட்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று சரிபாருங்கள். கூடவே வரும் எம்எஸ் ஆபீஸை விண்டோஸ் தொடங்கியதிலிருந்து 180 நாளுக்குள் உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். தவறினால் அந்த உரிமம் போய்விடும்.

விண்டோஸில் நுழையக் கல்லூரி மெயிலைக் கொடுக்காதீர்கள், சொந்த மெயிலைக் கொடுங்கள். விண்டோஸ் 11 பல லேப்டாப்புகளில் கேட்காமலேயே டிஸ்கைப் பூட்டிவைக்கிறது. அதைத் திறக்கும் 48 இலக்கச் சாவி நீங்கள் நுழைந்த கணக்கில்தான் இருக்கும். படிப்பு முடிந்து கல்லூரி மெயிலை மூடிய பிறகு லேப்டாப் அந்தச் சாவியைக் கேட்டால் எடுக்க வழியிருக்காது. கணக்கில் இருந்தாலும் ஒரு தாளில் எழுதி பில்லோடு வையுங்கள்.